பழவேற்காட்டில் பாய் விரிக்கலாம்

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவில் மாவட்டங்களைத் திருத்திப் பிரித்தபோது திருப்பதிக்குக் கடற்கரை கிடைத்தது. பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதியும் காளஹஸ்தியும், நெல்லூர் மாவட்டத்திலிருந்து சூலூர்பேட்டையும் தடாவும் சேர்ந்து ஒரே மாவட்டமாயின. அதோடு பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் எங்கள் கணக்கில் வந்துவிட்டது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அதுதான். திருப்பதியில் பஸ் ஏறினால் காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக சூலூர்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலையில் கொஞ்ச தூரம் போனால் இரண்டு பக்கமும் தண்ணீர். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. "அது மெட்ராஸ் பக்கமாச்சே மேடம்" என்று என் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள்.

நான் சித்தூர்க்காரி. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. திருப்பதியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீரோடு இருக்கிற உறவு பெரும்பாலும் தெப்போற்சவத்தோடு முடிந்துவிடுகிறது. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித் திருமலைப் புஷ்கரிணியில் ஐந்து நாள், ஜூன் வாக்கில் திருச்சானூர் பத்மசரோவரத்தில் ஐந்து நாள். தெப்பம் சுற்றிவரும், கரையில் நின்று கும்பிடுவோம், வீட்டுக்குத் திரும்புவோம். மே மாதம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது கோடைப் பயிற்சி என்று பெற்றோர் கேட்பது கிரிக்கெட், கராத்தே, அபாகஸ். விளையாட்டு மைதானத்தில் காலை எட்டரைக்கு மேல் நிற்க முடியாது. அந்த நேரத்தில் தண்ணீரின் மேல் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நான் சென்னையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். சில கோடை விடுமுறைகளாக எனக்கு அதுவே வேலை: காலையில் பேடில் போர்டு, முடிந்தபோதெல்லாம் பாய்மரப் படகு.

பேடில் போர்டிலிருந்து தொடங்குகிறேன், எவரும் தொடங்கக்கூடியது அதுதான் என்பதால். ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு. பத்து, பதினோரு அடி நீளமும் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக அகலமும் உள்ள ஒரு பலகை. இப்போது பெரும்பாலும் காற்றடிக்கும் பலகைகளே வருகின்றன. பம்பு வைத்து அடித்தால் மரம் மாதிரி விறைத்து நிற்கும். காற்றை இறக்கிச் சுருட்டினால் முதுகுப் பையில் அடங்கிவிடும். கையில் ஒற்றைத் துடுப்பு. நிமிர்ந்து நின்றால் துடுப்பு நம் தலைக்கு மேல் ஒரு சாண் இருக்க வேண்டும். துடுப்பின் இலை தண்டிலிருந்து சற்று வளைந்திருக்கும். அந்த வளைவு பலகையின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலில் மண்டியிட்டபடியே போகச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி எழ வேண்டும். பாதங்கள் தோள் அகலம், முழங்கால் லேசாக மடங்கியிருக்க, பார்வை தூரத்தில். காலடியைக் குனிந்து பார்த்த கணமே உடல் ஆடிவிடும். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

வெளியிலிருந்து பார்த்தால் கை வேலையாகத் தெரியும். உண்மையில் இடுப்பும் வயிறும் செய்கிற வேலை. துடுப்பை முன்னே நீட்டித் தண்ணீரில் முழுக்க இறக்கி, உடலைத் திருப்பி, பாதத்துக்குப் பக்கம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னாலும் இழுத்தால் பலகை பக்கவாட்டில் திரும்பும். எங்கள் பள்ளியில் முதுகு கூனி உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பலகைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. நேராக நிற்கச் சொல்லி எத்தனை முறை கத்தினாலும் நடக்காதது, பலகையின் மேல் கத்தாமலே நடந்துவிடுகிறது.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இதைக் கற்றுக்கொடுப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமான இடம். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய சர்ஃப் பள்ளியின் நோக்கமே குப்பத்துப் பையன்களை அலையேற்றக் கலைக்குள் கொண்டுவருவதுதான். குடியும் புகையும் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அதே ஊர்க்காரர் சேகர் பச்சை என்பவர் பேடில் போர்டில் தேசியச் சாம்பியன் ஆனார்; உலகப் போட்டிகளில் இந்தியாவுக்காகத் துடுப்புப் போட்டார். கர்நாடகக் கரையிலிருந்து வந்த தன்வி ஜெகதீஷ் இதே விளையாட்டில் இந்தியப் பெண்களுக்கு வழி திறந்தவர். கோவளத்துப் பையன்களுக்கு அலையும் நீரோட்டமும் காற்றும் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடங்களாக இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்தவை. பலகை ஒன்றுதான் புதிது.

பாய்மரப் படகு வேறு உலகம். பலகையில் நம் பலம் ஓட்டுகிறது. இங்கே காற்று ஓட்டுகிறது, நாம் அதோடு பேரம் பேசுகிறோம். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. அன்றைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. வெகுகாலம் அது துரைமார்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. இன்று அதே துறைமுகத் தண்ணீரில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாம்களில் பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கோடை முகாமுக்கு 2009-இல் போன பெண்தான் நேத்ரா குமணன். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ, பிறகு பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக். கோடை முகாம் விளம்பரத்தை ஒதுக்கித் தள்ளும் பெற்றோரிடம் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் ஏறும் படகுக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர். 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கட்டுநர் வடிவமைத்தது. நீளம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு, படகின் எடை 35 கிலோ, மூக்கு வெட்டினாற்போல் சப்பை. ஒரு பிள்ளை, ஒரு பாய், ஒரு சுக்கான். பதினைந்து வயது வரை இதில் போட்டியிடலாம். அதற்கு மேல் லேசர், இப்போது ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நாலே கால் மீட்டர் படகு. ஒரே படகில் மூன்று அளவுப் பாய் மாட்டலாம் என்பதால் இளையவர், பெண்கள், ஆண்கள் எல்லோருக்கும் அது பொருந்துகிறது. எல்லாப் படகும் ஒரே அச்சு. ஆகவே பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வேகமான படகு என்ற பேச்சுக்கு இடமில்லை.

பாய்மரப் படகு எதிர்காற்றில் நேராகப் போகாது. காற்று வரும் திசைக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாகத்தான் முன்னேற முடியும். எனவே போட்டியில் சுற்றிவர வேண்டிய முதல் மிதவை காற்றுக்கு நேர் எதிரே இருந்தால் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தையும் டாக் என்கிறார்கள். தலைக்கு மேல், பாயின் அடியைப் பிடித்திருக்கும் பூம் கம்பு அடுத்த பக்கம் பாய, குனிந்து எழுந்து எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். கயிறும் சுக்கானும் கை மாறும். திருப்பத்துக்குத் திருப்பம் வேகம் குறையும். ஆகவே எப்போது திரும்புவது என்பதே பாதி ஆட்டம். தண்ணீரில் கருமையாகச் சுருக்கம் விழுந்தால் அங்கே காற்று வலுத்திருக்கிறது என்று பொருள். தேர்ந்த பிள்ளை அந்தச் சுருக்கத்தைத் தேடிப் போகும்; மற்றவர்கள் முன்னால் போகும் படகைப் பார்த்துப் போவார்கள்.

போட்டி தொடங்கும் விதம் ஓட்டப் பந்தயம் பார்த்துப் பழகிய எனக்கு வியப்பாக இருந்தது. கோட்டில் யாரும் நிற்க முடியாது, படகு நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் முன்பு ஒரு கொடியும் ஒலியும், நான்கு நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடி, ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். அதுவரை எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி இடம் பிடிக்கின்றன. கொடி இறங்கி ஒலி எழும் கணத்தில் முழு வேகத்தில் கோட்டைத் தொட வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, பத்தாம் இடத்துக்குப் பத்துப் புள்ளி. பல ஓட்டங்களின் கூட்டுத்தொகையில் குறைந்த புள்ளி பெற்றவர் வெற்றி.

இரண்டு படகுகள் எதிரெதிரே சாய்ந்து வந்தால், வலப்பக்கம் (ஸ்டார்போர்டு) காற்று வாங்கி வருகிற படகுக்கே வழி. எட்டு வயதுப் பிள்ளை "ஸ்டார்போர்டு!" என்று கத்தினால் தன்னைவிடப் பெரிய பையனும் விலகியாக வேண்டும். விதியை மீறினவர், நடுவர் கையைக் காட்டும் வரை காத்திருக்காமல், தானாகவே ஒதுங்கி இரண்டு முழுச் சுற்றுப் போட்டுவிட்டுப் போட்டியைத் தொடர்வார். பள்ளி மைதானத்தில் காலையிலிருந்து மாலை வரை "நான் அவுட் இல்லை மேடம்" என்று கேட்டுப் பழகியவள் நான். யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை தன் தவறுக்குத் தானே சுற்றுவதைப் பார்த்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சென்னையில் மட்டுமே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் கடலே கிடையாது. நகரத்து நடுவில் ஹுசைன் சாகர் ஏரி. அங்கே ராணுவத்தினர் நெடுங்காலமாகப் பாய் விரித்து வருகிறார்கள். 2009-இல் சுஹைம் ஷேக் தொடங்கிய ஹைதராபாத் யாட் கிளப் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைப் படகில் ஏற்றியது. அப்படி வந்த ப்ரீத்தி கொங்காரா ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணியில் போனார். சித்தூருக்கு அடுத்த பெரிய ஊரான வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் சிறுவனாகவே பாய் பிடித்தவர். ராணுவத்தில் இருந்த அப்பாவே முதல் ஆசான். 2023-இல் ஹாங்சோவில் வெண்கலம் வென்றார். டோக்கியோவில் 20-ஆம் இடம், பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்த மார்செய்யில் 18-ஆம் இடம். காட்பாடி ஜங்ஷனில் ரயில் மாறுகிற சித்தூர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இனி எங்கள் ஏரிக்கு வருகிறேன். வடக்கிலிருந்து காளங்கி, தெற்கிலிருந்து ஆரணியாறு. ஆரணியாறு எங்கள் பக்கத்து மலைகளில் பிறந்து பிச்சாட்டூர் அணையைத் தாண்டி ஊத்துக்கோட்டை வழியாகப் போய் ஏரியில் விழுகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது, ராக்கெட் தளத்தோடு. ஏரிக்குள்ளே இருக்கம், வேநாடு போன்ற தீவுகள். இருக்கத்தில் வாழும் மீனவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாத்தா அந்தப் பக்கத்துக்காரர். அவர் படகில் பாய் இன்னமும் இருக்கிறது: மூங்கில் கழியில் கட்டிய, ஒட்டுப் போட்டுத் தைத்த பாய். ஏரியின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் அளவே. மோட்டார் விசிறி சேற்றில் மாட்டிக்கொள்ளும். பாயும் ஊன்றுகழியும் மாட்டாது.

காற்றைப் பற்றி அந்தத் தாத்தாவிடம் கேட்டேன். "காலைல மேல இருந்து வீசுறது கச்சான், டீச்சரம்மா. அதைப் புடிச்சிப் போவணும். மத்தியானத்துக்கு மேல கடல் பக்கமிருந்து கொண்டல் திரும்பும், அதைப் புடிச்சி வூட்டுக்கு வந்துடணும்" என்றார். இதே விஷயத்தைச் சென்னைப் பயிற்சியில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்கள்: கோடைக் காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து; நிலம் சூடேறியதும் நண்பகல் வாக்கில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து. பேடில் போர்டு கற்றுக்கொடுப்பவர்கள் தரைக்காற்றைக் கண்டு அஞ்சுவார்கள், நின்ற உடம்பே பாயாகி ஆளைக் கடலுக்குள் தள்ளிவிடும் என்பதால். பழவேற்காட்டில் எதிரே ஸ்ரீஹரிகோட்டா நிலமாக நிற்கிறது. ஏரியில் கற்றுக்கொள்வதற்கு இது பெரிய வசதி. ஆனால் முகத்துவாரத்தின் பக்கம் போகவே கூடாது.

பேடில் போர்டுக்கு இந்த ஏரி அளவெடுத்துத் தைத்த இடம். பலகையின் அடியில் இருக்கிற ஃபின் ஒரு சாண்தான் இறங்கும். நின்றுகொண்டு ஊன்றுகழியால் படகைத் தள்ளுகிற தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஏறிய அன்றே துடுப்புப் போடுவார்கள். பாய்மரப் படகுக்கு இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேசருக்குத் தண்ணீருக்கடியில் முக்கால் மீட்டருக்கு மேல் டாகர்போர்டு என்ற பலகை இறங்குகிறது. ஏரியின் வடக்குப் பகுதி கோடையில் வற்றி வெடித்துவிடும். தடாவுக்குக் கிழக்கே பி.வி. பாளையம், இருக்கம் பக்கத்து ஆழமான ஓடைகளில்தான் அது முடியும். முகத்துவாரங்கள் மணல் மூடாமல் இருந்தால் இன்னும் தண்ணீர் நிற்கும். மீன்பிடிப்பதற்காக மீனவர்கள் ஆண்டாண்டாய்க் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேசக் கூடாது. ஏரி ஒரு சரணாலயம். அக்டோபரில் வரத் தொடங்கும் பூநாரைகள் மார்ச் வரை இருக்கும். அவற்றுக்காகத்தான் சூலூர்பேட்டையில் ஜனவரியில் பூநாரைத் திருவிழா நடத்துகிறார்கள். 2025-இல் 18 முதல் 20 வரை நடந்தது. தண்ணீர் நிறைந்த மாதங்கள் பறவைகளுடையவை. அப்போது ஒரு பலகைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சத்தம் போடாத படகு என்பதற்காகப் பறவை அஞ்சாது என்று சொல்ல முடியாது. நின்றபடி நெருங்கும் மனித உருவத்துக்கு அது எழுந்து பறந்துவிடும். மே மாதம் அவை பெரும்பாலும் போய்விட்ட பிறகு, பள்ளி விடுமுறையும் வந்த பிறகு, வனத்துறை அனுமதியோடு, குறித்த எல்லைக்குள் பழகலாம். ஆந்திரக் கரையில் எந்திரப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கடல் மீன்பிடித் தடை. காற்றையும் நீரையும் தெரிந்தவர்கள் கரையில் வேலையில்லாமல் இருக்கிற காலமும் அதுவே. அவர்களைப் பயிற்சியாளர்களாகவும் பாதுகாப்புப் படகுக்காரர்களாகவும் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். கோவளத்தில் நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

2011 டிசம்பர் 25-ஐ இந்த ஏரிக்கரையில் யாரும் மறக்கவில்லை. சென்னையிலிருந்து கிறிஸ்துமஸ் அன்று வந்த உறவினர் கூட்டம் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் தமிழகப் பகுதியில் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடையால் தண்ணீர் பாதுகாப்பாக மாறிவிடவில்லை. தண்ணீரைத் தெரியாத பிள்ளைகள்தான் பெருகினார்கள். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் இரு மாவட்டங்களிலும் ஏரி, குட்டை, கிணறு என்று குளிக்கப் போய் மூழ்கிய சிறுவர்களின் செய்தி வருகிறது. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. பயிற்சி முகாமில் முதல் நாள் பலகையும் தருவதில்லை, பாயும் தருவதில்லை. உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டவும், வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து அதைப் பற்றியபடி மிதக்கவும், டாகர்போர்டில் ஏறி நின்று அதை நிமிர்த்தவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கவிழ்ந்தாலும் படகை விட்டு நீந்திப் போகாதே என்பதே முதல் பாடம்.

அடுத்த கோடைக்கு முயல நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதிலிருந்து தொடங்குங்கள். பேடில் போர்டுக்குக் காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இருப்பது நல்லது, ஒன்பதுக்குள் கரையேறிவிடலாம். பலகையையும் காலையும் இணைக்கும் லீஷ் கயிறு இல்லாமல் ஏறாதீர்கள், ஏனென்றால் காற்றில் பலகை ஓடுகிற வேகத்துக்கு யாராலும் நீந்திப் பிடிக்க முடியாது. முழுக்கை பனியன், கயிறு கட்டிய தொப்பி, குடிக்கத் தண்ணீர். பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு என்றால் ஏழெட்டு வயதிலேயே சேர்க்கலாம். சென்னையிலும் ஹைதராபாத்திலும் முகாம்கள் இருக்கின்றன. எங்கள் பள்ளி நிர்வாகத்திடம், பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கோவளத்துக்கு ஒரு வாரம் அழைத்துப் போக அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் முதலில் எழுதியிருப்பது ஏரிக்கரையிலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை.